நீண்ட முன்னொட்டுக்கே முதல் மரியாதை

ஓபன்விபிஎன் மென்பொருள் ஓடும் ஒரு மடிக்கணினியில், இணைப்பு கிடைத்த கையோடு வழி அட்டவணையைத் திறந்து பார்த்தால் ஒரு வேடிக்கை கண்ணில் படும். முதல் வரி 0.0.0.0/0. எந்த முகவரிக்குப் போகும் பாக்கெட்டாக இருந்தாலும் வீட்டு வைஃபை பெட்டிக்கு அனுப்பு என்பது அதன் பொருள். அதற்குக் கீழே 0.0.0.0/1, 128.0.0.0/1 என்று இரண்டு வரிகள். ஒன்று மொத்த ஐபி முகவரிகளின் முன்பாதி, மற்றது பின்பாதி. இரண்டுமே பாக்கெட்டை விபிஎன் சுரங்கத்துக்குள் போகச் சொல்கின்றன.

இரண்டு பாதியையும் சேர்த்தால் முதல் வரி சொன்ன அதே முழு உலகம்தான் வருகிறது. ஆக, எந்த முகவரியை எடுத்தாலும் அதற்கு இரண்டு வரிகள் பொருந்துகின்றன. இரண்டும் வேறு வேறு திசையைக் காட்டுகின்றன. ஆனாலும் கணினி ஒரு கணம்கூடக் குழம்புவதில்லை. சுரங்கத்தின் பக்கமே போகிறது.

மென்பொருளை எழுதியவர்கள் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. பழைய 0.0.0.0/0 வரியை அழித்துவிட்டு விபிஎன் வழியை அங்கே வைத்திருக்கலாம். ஆனால் மென்பொருள் நடுவில் முறிந்து விழுந்தால் பழைய வழியை மீட்டுக் கொடுக்க ஆள் இருக்காது. கணினி இணையமே இல்லாமல் நிற்கும். அதனால் பழையதைத் தொடாமல், அதன் மேல் இரண்டு பாதிகளைப் போர்த்திவிட்டார்கள். சுரங்கம் மூடினால் போர்வை விலகும். அடியில் பழைய வழி அப்படியே இருக்கும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. விபிஎன் சர்வரின் முகவரிக்கு மட்டும் தனியாக ஒரு /32 வரி சேர்க்கப்படுகிறது. அது பழைய வைஃபை வழியைக் காட்டும். அது இல்லாவிட்டால் சுரங்கத்தைச் சுமக்கும் பாக்கெட்டுகளே சுரங்கத்துக்குள் நுழையப் பார்க்கும்.

/0, அதன் மேல் /1, அதன் மேல் /32. இந்த மூன்று அடுக்கையும் ஒழுங்குபடுத்துவது ஒரே ஒரு விதி: பொருந்தும் முன்னொட்டுகளில் எது மிக நீளமோ, அதன் சொல்லே செல்லும். மடிக்கணினியில் மூன்று நான்கு வரிகளுக்கு வேலை செய்யும் இதே விதிதான், ஏறத்தாழ 10 லட்சம் வரிகள் கொண்ட உலக இணையத்தின் வழி அட்டவணையையும் நடத்துகிறது.

ஐபி நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட் நீளமுள்ள ஓர் எண். நாம் அதை நான்கு துண்டாக வெட்டி, 208.65.153.238 என்பதுபோல எழுதுகிறோம். மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வைக்க எந்த ரவுட்டராலும் முடியாது என்பதால், தொடக்க பிட்டுகள் ஒன்றாக இருக்கும் முகவரிகளைக் கூட்டமாகச் சேர்த்து ஒரே வரியில் எழுதுகிறார்கள். 208.65.152.0/22 என்றால், முதல் 22 பிட்டும் இதைப்போலவே இருக்கும் எல்லா முகவரிகளும் என்று அர்த்தம். மீதி 10 பிட் எப்படியும் இருக்கலாம். ஆகவே அதில் 1,024 முகவரிகள் அடங்கும், 208.65.152.0 முதல் 208.65.155.255 வரை. இந்தப் பொதுவான தொடக்கம்தான் முன்னொட்டு; சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண் அதன் நீளம். அது பெரிதாகப் பெரிதாகக் கூட்டம் சிறிதாகும். /24இல் 256 முகவரிகள். /32 என்றால் ஒற்றை முகவரி.

1993 வரை வழி அட்டவணையில் தேடுவது எளிதாக இருந்தது. அப்போது முகவரிகள் ஏ, பி, சி என்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. முதல் பிட் 0 என்றால் முன்னொட்டு 8 பிட். 10 என்று தொடங்கினால் 16. 110 என்றால் 24. முகவரியைப் பார்த்த உடனேயே முன்னொட்டின் நீளம் தெரிந்துவிடும். அத்தனை பிட்டை மட்டும் வெட்டியெடுத்து அட்டவணையில் அப்படியே தேடினால் போதும்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. இரண்டாயிரம் கணினிகள் வைத்திருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு சி வகுப்பின் 256 முகவரிகள் போதாது. பி வகுப்பைக் கொடுத்தால் 65,536இல் பெரும்பகுதி வீணாகும். பி வகுப்பே தீர்ந்துபோகும் நிலை வந்தது. எட்டு சி வகுப்புகளைச் சேர்த்துக் கொடுத்தாலோ, உலகத்தின் ஒவ்வொரு பெரிய ரவுட்டரிலும் எட்டு வரிகள் கூடும். இதற்கு விடையாகத்தான் 1993இல் வகுப்பில்லா முகவரி முறை வந்தது. சைடர் என்பது அதன் சுருக்கப் பெயர். முன்னொட்டின் நீளம் எத்தனையாகவும் இருக்கலாம் என்றானது. எட்டு சி வகுப்புகள் ஒரே /21 ஆகச் சுருங்கின.

சுருக்கியதில் ஒன்று கை நழுவியது: முகவரியைப் பார்த்து நீளத்தைச் சொல்ல இனி வழியில்லை. அதோடு முன்னொட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று படியத் தொடங்கின. ஓர் இணையச் சேவை நிறுவனம் தன் /16ஐ மொத்தமாக ஒரே வரியில் அறிவிக்கிறது. அதிலிருந்து ஒரு /24ஐ வாங்கிய வாடிக்கையாளர், நாளைக்கு வேறொரு நிறுவனத்திடம் இரண்டாவது இணைப்பு எடுக்கிறார். தன் /24ஐ அந்த வழியாகவும் அறிவிக்கிறார். இப்போது உலக அட்டவணையில் பெரிய வட்டமும் இருக்கிறது, அதற்குள் சின்ன வட்டமும் இருக்கிறது. சின்ன வட்டத்துக்குள் விழும் முகவரிக்கு இரண்டு விடைகள். நீளமானதை எடு என்பதை, எல்லா ரவுட்டர்களும் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளைத் தொகுத்த 1995ஆம் ஆண்டு ஆவணம் கட்டாயமாக்கியது.

தொலைபேசிக்காரர்களுக்கு இது பழகிய கணக்கு. வெளிநாட்டு அழைப்பில் +7 என்றால் ரஷ்யா. அந்த +7ஐ அடுத்து இன்னொரு 7 வந்தால் கஜகஸ்தான். கட்டணம் போடும் கணினியில் இரண்டு வரிகளும் இருக்கும். அழைத்த எண்ணோடு எது அதிக தூரம் ஒத்துப்போகிறதோ அந்தக் கட்டணம்தான் விழும்.

இந்த விதி ஏன் ஒருபோதும் தடுமாறுவதில்லை என்பதற்கு ஓர் அழகான காரணம் உண்டு. இரண்டு முன்னொட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று குட்டை, மற்றது நெட்டை. நெட்டையின் தொடக்கத்திலிருந்து குட்டையின் நீளம் அளவுக்கு வெட்டிப் பார்க்க வேண்டும். வெட்டிய துண்டு குட்டையோடு ஒத்துப்போனால், நெட்டை முழுவதும் குட்டைக்குள் அடக்கம். ஒரு பிட் மாறினாலும் இரண்டுக்கும் பொதுவான முகவரி ஒன்றுகூட இருக்காது. மூன்றாவது வாய்ப்பு என்பதே இல்லை. பாதி உள்ளே, பாதி வெளியே என்று இரண்டு முன்னொட்டுகள் ஒருபோதும் வெட்டிக்கொள்வதில்லை. ஆகவே ஒரு முகவரிக்குப் பொருந்தும் முன்னொட்டுகள் எத்தனை இருந்தாலும், அவை ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய வரிசையாகவே இருக்கும். எது ஆக உள்ளே இருக்கிறது என்ற கேள்விக்கு எப்போதும் ஒரே விடைதான்.

இந்தப் பண்பின் அருமை, அது இல்லாத இடத்தில்தான் புரியும். ஃபயர்வால் விதிகள் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி இரண்டையும் பார்க்கின்றன. ஒரு விதியில் அனுப்புநர் முன்னொட்டு நீளமாகவும் பெறுநர் முன்னொட்டு குட்டையாகவும் இருக்கும், இன்னொன்றில் நேர்மாறாக. இரண்டும் ஒரே பாக்கெட்டுக்குப் பொருந்தலாம். இதில் எது நீளம் என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது. அதனால்தான் ஃபயர்வாலை அமைப்பவர்கள் விதிகளை மேலிருந்து கீழாக வரிசை எண் போட்டு எழுத வேண்டியிருக்கிறது. வரிசை பிசகினால் பாதுகாப்பே பிசகுகிறது. வழி அட்டவணைக்கு வரிசை தேவையில்லை. யார் எப்போது எந்த வரியைச் சேர்த்தாலும் விடை ஒன்றுதான்.

விடை ஒன்று என்பது சரி. அதை எவ்வளவு வேகமாகக் கண்டுபிடிப்பது? நொடிக்கு 100 கிகாபிட் ஓடும் ஓர் இணைப்பில், மிகச் சிறிய பாக்கெட்டுகள் வரிசையாக வந்தால், நொடிக்குச் சுமார் 14.9 கோடி. ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் 7 நானோநொடிகூட இல்லை. சாதாரண நினைவகச் சில்லில் ஓரிடத்தைப் படித்து வரவே அதைப்போலப் பல மடங்கு ஆகும். அந்த அவகாசத்துக்குள் 10 லட்சம் வரிகளில் பொருந்துபவற்றையும், பொருந்துபவற்றில் மிக நீளமானதையும் பிடித்தாக வேண்டும். முப்பது ஆண்டுகளாகக் கணினி அறிவியலாளர்களை விடாமல் பிடித்து வைத்திருக்கும் புதிர் இது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரு மரம். வேரில் தொடங்கி, முகவரியின் ஒவ்வொரு பிட்டையும் படித்துக்கொண்டே இறங்க வேண்டும்: 0 என்றால் இடது கிளை, 1 என்றால் வலது கிளை. ஒரு முன்னொட்டு முடியும் கணுவில் அதற்கான வழி எழுதப்பட்டிருக்கும். இறங்கும்போது கையில் ஒரே ஒரு குறிப்பை வைத்துக்கொண்டால் போதும்: இதுவரை பார்த்தவற்றில் கடைசியாகக் கிடைத்த வழி. 208.65.153.238ஐத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். வேரிலேயே /0 வழி கிடைக்கிறது; குறித்துக்கொள்கிறோம். 22ஆவது படியில் 208.65.152.0/22 கிடைக்கிறது, பழைய குறிப்பை அழித்து இதை எழுதுகிறோம். 153 என்ற எண் இரும முறையில் 10011001. அதன் கடைசி இரண்டு பிட்டுகள் 0, 1. இடம், வலம் என்று இறங்கினால் 24ஆவது படி. அங்கே ஒரு /24 இருந்தால் அதுவே விடை. கிளையே இல்லையென்றால் கையில் இருக்கும் /22தான் விடை. திரும்பி மேலே ஏற வேண்டியதில்லை.

ஒரு பிட்டுக்கு ஒரு படி என்றால் 32 படிகள். ஒவ்வொரு படியும் ஒரு நினைவகப் பயணம். கிளை பிரியாத நீண்ட தண்டுகளைச் சுருட்டி ஒரே தாவலில் கடக்கும் பட்ரீசியா மரத்தை டொனால்ட் மாரிசன் 1968இலேயே வெளியிட்டிருந்தார். அவர் நினைத்தது எழுத்துத் தொகுப்புகளில் சொற்களைத் தேடுவதற்கு. பெர்க்லி யூனிக்ஸில் அதன் ஒரு வடிவத்தைக் கீத் ஸ்க்ளோவர் வழித்தேடலுக்குக் கொண்டுவந்தார். இன்றைய லினக்ஸ், கிளை அடர்ந்த இடத்தில் பல பிட்டுகளை ஒரே எட்டில் தாண்டும் மரத்தைப் பயன்படுத்துகிறது. ஸ்டெஃபான் நில்சன், குன்னார் கார்ல்சன் என்ற இரு சுவீடன்காரர்களின் யோசனை அது.

மரத்தை விட்டு வேறு திசையில் போனவர்களும் உண்டு. 1997இல் மார்செல் வால்ட்வோகல், ஜார்ஜ் வர்கீஸ், ஜோனதன் டர்னர், பெர்ன்ஹார்ட் பிளாட்னர் நால்வரும் வெளியிட்ட முறை, முன்னொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் வரும் தொல்லையை நேருக்கு நேர் சந்திக்கிறது. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு ஹாஷ் அட்டவணை: /8களுக்கு ஒன்று, /9களுக்கு ஒன்று என்று. ஹாஷில் ஒரே எட்டில் தேடிவிடலாம். ஆனால் எந்த நீளத்தில் தேடுவது? 32 அட்டவணைகளையும் புரட்டினால் மரத்தில் இறங்கிய அதே செலவு. நடுவிலிருந்து தொடங்குவோம் என்றார்கள். முதலில் 16. கிடைத்தால் இன்னும் நீளமான பக்கம் போ. கிடைக்காவிட்டால் குட்டையான பக்கம் போ. ஒவ்வொரு முறையும் பாதி கழியும். ஐந்தே தேடலில் முடியும். ஆனால் ஓர் ஓட்டை. 208.65.152.0/22 அட்டவணையில் இருக்கிறது, 208.65.0.0/16 இல்லை என்றால், 16இல் ஒன்றும் கிடைக்காமல் தேடல் குட்டைப் பக்கம் போய்விடும். /22 கண்ணிலேயே படாது. ஆகவே வழியில் அடையாளக்குறிகளை நட்டார்கள். 16இல் 208.65.0.0 என்று ஒரு குறி; 20இல் 208.65.144.0 என்று ஒரு குறி. இன்னும் நீளமான ஒன்று இந்தப் பக்கம் இருக்கிறது, வா என்று அவை கைகாட்டும்.

இப்போது 208.65.150.7 என்ற முகவரி வருகிறது. அதற்கு உண்மையில் பொருந்துவது 208.65.128.0/18 என்ற ஒரு வரி என்று கொள்வோம். தேடல் 16இல் தொடங்குகிறது. குறி இருக்கிறது, நீளப் பக்கம் போகிறது. 24இல் ஒன்றுமில்லை. 20இல் பார்த்தால் குறி இருக்கிறது, ஏனென்றால் 150க்கும் 152க்கும் முதல் நான்கு பிட்டுகள் ஒன்றுதான். குறியை நம்பி 22க்குப் போகிறது. அங்கே 150 பொருந்தவில்லை. 21இலும் இல்லை. தேடல் முடிந்துவிட்டது, கையில் ஒன்றுமில்லை. சரியான விடையான /18ஐத் தேடல் பார்க்காமலே தாண்டி வந்துவிட்டது. குறி பொய் சொல்லவில்லை; வேறொருவருக்காக நட்ட குறி இவரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

திரும்பி வந்து தேடலாம். ஆனால் ஒவ்வொரு குறியும் இப்படி ஏமாற்றினால் வேகமெல்லாம் போய்விடும். நால்வரும் கண்ட தீர்வு எளிமையானது. குறியை நடும்போதே, இந்தக் குறிக்கு இதுவரை பொருந்தும் மிக நீளமான முன்னொட்டு எது என்று கணக்கிட்டு, அந்த விடையையும் குறியிலேயே எழுதிவிடு. 20இல் உள்ள குறியில் /18இன் வழி ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தால், மேலே போய் வெறுங்கையோடு நின்றாலும் கவலையில்லை. வரும் வழியில் எடுத்துக்கொண்ட விடை சரியானது. 128 பிட் நீளமுள்ள ஐபி ஆறாம் பதிப்பு முகவரிக்கும் இதே முறையில் ஏழு தேடல் போதும். வழித்தேடல் ஆராய்ச்சியில் இதைவிட நேர்த்தியான ஒரு யோசனையைக் காட்டுவது கடினம்.

நினைவகத்தை அள்ளிச் செலவழித்து வேகத்தை வாங்கியவர்களும் இருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் பங்கஜ் குப்தா, ஸ்டீவன் லின், நிக் மெக்கியோன் மூவரும் 1998இல், முகவரியின் முதல் 24 பிட்டையே வரிசை எண்ணாக வைத்து 1,67,77,216 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணையைப் போட்டார்கள். அப்போது அதற்குப் பிடித்த இடம் 32 மெகாபைட். /24 வரை நீளமுள்ள எந்த வழிக்கும் ஒரே ஒரு வாசிப்பு. அதைவிட நீளமானவற்றுக்கு இன்னொன்று. மென்பொருளை வைத்தே ரவுட்டர் செய்பவர்கள் இன்றும் பயன்படுத்தும் டிபிடிகே நிரல் தொகுப்பில் இதன் வழித்தோன்றல் இருக்கிறது.

இதில் தேடுவது சுலபம், திருத்துவதுதான் பாடு. ஒரு /22ஐச் சேர்த்தால் நான்கு கட்டங்கள் நிரம்பும். அதற்குள் ஒரு /24 வந்தால் நான்கில் ஒன்று மேலெழுதப்படும். நாளை அந்த /24 விலகினால் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. அடியில் இருந்த /22இன் வழியை மீண்டும் எழுத வேண்டும். கட்டத்தைப் பார்த்தால் அடியில் என்ன இருந்தது என்று தெரியாது. அதனால் பக்கத்திலேயே முழு விவரத்தையும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு /8இன் வழி மாறினால் 65,536 கட்டங்களைத் தொட வேண்டும். அதிலும் உள்ளே நீளமான முன்னொட்டுகள் பிடித்து வைத்திருக்கும் கட்டங்களை மட்டும் விட்டுவிட வேண்டும்.

பெரிய ரவுட்டர்கள் பல இதற்கென்றே செய்த டீகேம் என்ற சில்லை நம்புகின்றன. அதன் ஒவ்வொரு செல்லும் 0, 1, எதுவானாலும் சரி என்ற மூன்று நிலைகளில் ஒன்றை வைத்திருக்கும். முகவரியைக் கொடுத்தால் எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தியவற்றில் மேலே இருப்பது விடையாக வரும். நீளமானவற்றை மேலே அடுக்கினால் விதி தானாக நிறைவேறிவிடும். ஆனால் ஒரு தேடலுக்கு எல்லா வரியும் விழித்துக்கொள்வதால் மின்சாரமும் சூடும் அதிகம், விலையும் அதிகம். இடமும் கையளவுதான்.

அந்தக் கையளவு இடம் 2014 ஆகஸ்ட் 12இல் தீர்ந்துபோனது. சிஸ்கோவின் பழைய ரவுட்டர் மாதிரிகள் சிலவற்றில் ஐபி நான்காம் பதிப்புக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது 5,24,288 வரிகள். உலக அட்டவணை அந்த எல்லையை ஒட்டியே ஊர்ந்துகொண்டிருந்தது. அன்று அமெரிக்காவின் வெரைசான் நிறுவனம், அதுவரை பெரிய கூட்டமாக அறிவித்தவற்றை உடைத்து ஏறத்தாழ 15,000 /24களாகச் சிறிது நேரம் வெளியே விட்டது. நிரம்பி வழிந்த வரிகளை அந்த ரவுட்டர்கள் சில்லில் வைக்க முடியாமல் மென்பொருளிடம் தள்ளின. பல இடங்களில் இணையம் தள்ளாடியது. ஒரு நிறுவனத்தின் முன்னொட்டு உடைந்ததற்கு விலை கொடுத்தவர்கள், அதனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள்.

இது தற்செயல் அல்ல. இந்த விதியின் இயல்பு. ஒரு முன்னொட்டை இரண்டாக உடைத்து அறிவித்தால், உடைத்தவருக்கு லாபம்: எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு போக்குவரத்து வர வேண்டும் என்று அவர் தீர்மானிக்கலாம். ஆனால் அந்தக் கூடுதல் வரியை உலகத்தின் ஒவ்வொரு பெரிய ரவுட்டரும் சுமக்கிறது, காசு வாங்காமல். இன்று உலக அட்டவணையில் ஏறத்தாழ பாதி, இன்னொரு பெரிய முன்னொட்டுக்குள் அடங்கிய வரிகள். மொத்தத்தில் பாதிக்கும் மேல் /24கள். /24ஐவிட நீளமானதைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை என்ற எழுதப்படாத வழக்கம் மட்டும் இல்லையென்றால், அட்டவணை எங்கோ போயிருக்கும்.

நீளம் வெல்லும் என்ற விதி, வெல்வது யார் என்று கேட்பதில்லை. 2008 பிப்ரவரி 24 அன்று இது உலகத்துக்கே தெரிந்தது. யூடியூப் தன் முகவரிகளை 208.65.152.0/22 என்று அறிவித்து வந்தது. தளத்தை முடக்கச் சொல்லி அரசிடமிருந்து உத்தரவு வந்ததால், பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24க்குத் தன் நெட்வொர்க்குக்குள் ஒரு பொய் வழியை வைத்தது. நாட்டுக்குள் இருக்க வேண்டிய அந்த வரி, உலகப் பொது நேரப்படி மாலை 6:47க்கு, ஹாங்காங்கைச் சேர்ந்த பிசிசிடபிள்யூ நிறுவனம் வழியாக வெளியே கசிந்தது. /22ஐவிட /24 நீளம். உலகமெங்கும் உள்ள ரவுட்டர்கள், விதி சொன்னதை அப்படியே செய்து, யூடியூப் பார்வையாளர்களைப் பாகிஸ்தானுக்கு அனுப்பின.

அடுத்து நடந்ததுதான் இந்த விதியின் இயக்கத்தைப் படம் பிடித்துக் காட்டுகிறது. இரவு 8:07க்கு யூடியூப்பும் அதே /24ஐ அறிவித்தது. இரண்டும் ஒரே நீளம் என்பதால் இப்போது நீளத்தால் தீர்ப்பு சொல்ல முடியவில்லை. எந்த வழியில் இடைப்பட்ட நெட்வொர்க்குகள் குறைவு என்பதுபோன்ற அடுத்த விதிகள் பேசின. உலகின் ஒரு பகுதி யூடியூப்பிடம் திரும்பியது, மறுபகுதி திரும்பவில்லை. 8:18க்கு யூடியூப் தன் /24ஐ இரண்டு /25களாக உடைத்து அறிவித்தது: 208.65.153.0/25, 208.65.153.128/25. நீளத்தை நீளத்தால் வெல்லும் முயற்சி. /25ஐ ஏற்ற ரவுட்டர்களில் அது பலித்தது. /24க்கு மேல் ஏற்க மாட்டோம் என்றவற்றில் பலிக்கவில்லை. 9:01க்கு பிசிசிடபிள்யூ பாகிஸ்தான் டெலிகாமின் அறிவிப்புகளைத் திரும்பப் பெற்ற பிறகே எல்லாம் சீரானது. இரண்டேகால் மணி நேரமும் ஒரு ரவுட்டர்கூடத் தவறாகத் தேடவில்லை.

1997 ஏப்ரல் 25இல் இதற்கு ஒரு முன்னோட்டம் நடந்திருந்தது. 7007 என்ற நெட்வொர்க் எண் கொண்ட ஓர் அமெரிக்கச் சேவை நிறுவனத்தின் ரவுட்டர், மற்றவர்களின் முன்னொட்டுகளை /24களாக உடைத்துத் தன்னுடையவைபோல அறிவித்து, இணையத்தின் பெரும்பகுதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அது கோளாறு. 2018 ஏப்ரல் 24இல் நடந்தது திருட்டு. அமேசானின் பெயர்ச் சேவை முகவரிகள் சில /23 ஆக அறிவிக்கப்பட்டிருந்தன; அவற்றுக்குள் /24களை யாரோ அறிவித்து, மைஈதர்வாலட் என்ற கிரிப்டோ பணப்பைத் தளத்துக்குப் போனவர்களைப் போலித் தளத்துக்குத் திருப்பினார்கள். சுமார் ஒன்றரை லட்சம் டாலர் மதிப்புள்ள ஈதர் பறிபோனது. 2019 ஜூன் 24இல் மீண்டும் கோளாறு: பென்சில்வேனியாவின் ஒரு சிறிய நிறுவனத்தில், போக்குவரத்தைச் சீராக்க முன்னொட்டுகளை உடைக்கும் மென்பொருள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் 104.20.0.0/20ஐ இரண்டு /21களாக்கியது. உள்ளுக்குள் மட்டும் புழங்க வேண்டிய அவை வெரைசான் வழியாக உலகத்துக்குக் கசிந்தன.

இதைத் தடுக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பரவிவரும் ஏற்பாடு ஆர்பிகேஐ. முகவரிக்கு உரிமையாளர், இந்த முன்னொட்டை இன்ன எண் கொண்ட நெட்வொர்க் மட்டுமே அறிவிக்கலாம் என்று டிஜிட்டல் கையொப்பமிட்ட சான்று ஒன்றை வெளியிடுகிறார். அதில் ஒரு கட்டம் நீளத்துக்கென்றே இருக்கிறது: அதிகபட்சம் எத்தனை பிட் வரை உடைத்து அறிவிக்கலாம். /22க்கு அதிகபட்சம் 22 என்று எழுதினால், அதற்குள் யார் /24 அறிவித்தாலும், உரிமையாளரே அறிவித்தாலும், செல்லாது. சான்றைச் சரிபார்க்கும் ரவுட்டர் அந்த வரியை அட்டவணையில் சேர்ப்பதற்கு முன்பே தள்ளிவிடும். நீளப் போட்டி நடக்கவே நடக்காது.

பலர் எதற்கும் இருக்கட்டும் என்று 24 வரை தாராளமாக எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் கதவு திறக்கிறது. உரிமையாளர் உண்மையில் /22ஐ மட்டும் அறிவித்துக்கொண்டிருக்க, திருடன் அவருடைய நெட்வொர்க் எண்ணையே தன் அறிவிப்பின் கடைசியில் போலியாக ஒட்டி ஒரு /24ஐ வெளியிட்டால், சான்றின்படி அது செல்லுபடியாகும். நீளமும் கூடுதல் என்பதால் எதிர்ப்பே இல்லாமல் வெல்லும். எதை அறிவிக்கிறீர்களோ அதை மட்டும் சான்றில் எழுதுங்கள் என்று 2022இல் வெளியான இணையப் பொறியியல் பரிந்துரை சொல்வது இதனால்தான்.

இந்தப் பரிந்துரையைக் கடைப்பிடிப்பவர் இன்னொன்றையும் யோசித்துவைக்க வேண்டும். 2008இல் யூடியூப் செய்ததைப்போல, நெருக்கடி நேரத்தில் தன் முன்னொட்டைத் தானே உடைத்து அறிவித்து மீட்கும் வழி அவருக்கு உடனடியாகத் திறந்திருக்காது. தாக்குதல் போக்குவரத்தை வடிகட்டும் நிறுவனத்தின் பக்கம் ஒரு /24ஐ மட்டும் திருப்பிவிட நினைப்பவருக்கும் இதே நிலைதான். புதிய சான்றைக் கையொப்பமிட்டு, அது உலகமெங்கும் உள்ள சரிபார்ப்புக் கணினிகளைப் போய்ச் சேரும்வரை அவருடைய /24உம் செல்லாதது என்றே ஒதுக்கப்படும். அதனால் விவரம் தெரிந்த நெட்வொர்க் பொறியாளர்கள், எந்த /24க்கு எப்போது அவசரம் வரக்கூடும் என்று முன்கூட்டியே பட்டியலிட்டு, அவற்றுக்கு மட்டும் தனித்தனிச் சான்றுகளை எழுதிவைக்கிறார்கள்.